அசல் பொருள் வாங்கியமைக்கு வாழ்த்துகள்

ஜனவரி 6, வெள்ளி

இந்த டைரி கூட்டுறவு வங்கியில் கொடுத்தது. என் மனைவி மயிலு சமையல் குறிப்பு எழுதக் கேட்டாள். கொடுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் ரப்பர் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். எதையும் தேதி போட்டு எழுதி வைத்தால்தான் நாளைக்கு நின்று பேச முடியும். வண்டி விஷயமாக இனி நடப்பதெல்லாம் இதில் வரும்.

விஷயம் இதுதான். நம் வண்டி சாரதி டீலக்ஸ் கார், 1998 மாடல், சாம்பல் நிறம், இன்றைக்கும் கீறல் கிடையாது. காலையில் மார்க்கெட் போய்விட்டு வரும்போது இடது பக்கமாக இழுத்தது. வீட்டு வாசலில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தொட்டேன், கை சுட்டுவிட்டது. நேரே சங்கனூரில் லத்தீப் ஷெட்டுக்கு விட்டேன்.

சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ஒரு சாண் ரப்பர்க் குழாய் இருக்கிறது. அது உள்ளே வீங்கி, மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாம். வண்டியோடு வந்த குழாய் இருபத்து நாலு வருடம் உழைத்தது. போன தீபாவளிக்குத்தான் முன்னெச்சரிக்கையாக இரண்டு பக்கமும் புதிது போட்டேன், அதுவும் கம்பெனியின் அசல் குழாய். இடது பக்கம் இரண்டரை மாதம்கூடத் தாங்கவில்லை.

லத்தீப் கழற்றிய குழாயைத் துணியில் துடைத்து, முனையிலிருக்கும் உலோகக் காலர் தெரிய என்னிடம் நீட்டினான். "காலர்ல மஞ்சப் பொட்டு இருக்குதுங் சார்."

"பெயின்ட் பட்டிருக்கும்."

"ஆமாங் சார். பட்டிருக்கும்" என்றான். உக்கடத்தில் ஒருவர் நல்ல குழாயாக அடித்துத் தருகிறார், நானே பிரஷர் வைத்துப் பார்த்து மாட்டுகிறேன் என்றும் சொன்னான். போலிப் பொருளை என் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

லத்தீப் எங்கள் ஃபேக்டரியில் என் கீழே ஏழு வருடம் இருந்தவன். பிறகு ஒத்து வரவில்லை, போய்விட்டான். சாரதி வண்டி பார்க்கத் தெரிந்தவன் இந்த ஊரில் இப்போது அவன் ஒருத்தன்தான். அதனால்தான் போகிறேன்.

ஜனவரி 9, திங்கள்

அவினாசி ரோட்டில் கம்பெனி ஷோரூம். பழைய மாடல் பார்ட்ஸ் கவுன்டர் மாடிப்படிக்குக் கீழே, கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே குமரகுரு என்று ஒருவர். குழாய் நம்பரைச் சொன்னதும், "சாரதியா! இன்னும் ஓடுதுங்களா?" என்றார். ஏதோ என் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது மாதிரி.

ஆனால் பெட்டியைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. என்ன நேர்த்தி! மினுக்கும் ஸ்டிக்கர், உள்ளே பாலிதீன் உறை, உறைக்குள் சீட்டு. ஸ்டிக்கரைச் சுரண்டி அதிலுள்ள எண்ணை அனுப்பினால் உடனே போனில் செய்தி வருகிறது: "தாங்கள் வாங்கியது அசல் பொருள். வாழ்த்துகள்!" இதை எந்த உக்கடத்துக்காரன் அனுப்புவான்?

ஜனவரி 10, செவ்வாய்

இடது பக்கம் குழாய் மாட்டியாயிற்று. காலிப் பெட்டியை லத்தீப் குப்பையில் போடப் போனான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். கோத்தகிரியிலிருந்து மகள் வெண்ணிலா பேசினாள். மார்ச் 5 ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு என்று சம்பந்தி வீட்டில் நாள் பார்த்துவிட்டார்களாம். ஒன்பதாம் மாதம். பல வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். முதல் பேறு. மயிலு போனை வைத்ததும் புளிக்காய்ச்சலுக்கு என்னென்ன வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

அதோடு விட்டாளா? "ஏனுங், அன்னிக்கு ஒரு டாக்சி சொல்லிரலாங்ளா?"

"எதுக்கு?"

"மலை எறக்கமுங். வவுத்துப் புள்ளைய வெச்சுக்கிட்டு..."

எனக்கு வந்ததே கோபம். அந்த வண்டியில்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அந்த வண்டியில்தான் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். இப்போது முன்பின் தெரியாத ஒருவன் ஓட்டுகிற வாடகை வண்டியில் கூட்டி வர வேண்டுமா? அசல் பார்ட்ஸ் போட்ட வண்டி இது என்று பெட்டியையே எடுத்துக் காட்டினேன். மயிலு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டி நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஜனவரி 27, வெள்ளி

மேட்டுப்பாளையம் ரோட்டில் சாய்பாபா கோவில் சிக்னல் அருகே சிறு அசௌகரியம். பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். முன்னால் தக்காளி ஏற்றிய டெம்போ. இடைவெளி ஒரு முழம் இருக்கும். மயிலு முக்கால் முழம்தான் என்கிறாள்.

இறங்கிப் பார்த்தேன். இடது குழாய் காலரை ஒட்டி வெடித்து ஆயில் ஒழுகியிருந்தது. பதினேழு நாள்.

மயிலு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். வெயில் அதிகம், ஆட்டோவில் காற்று வரும் என்று நினைத்திருப்பாள். வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்துவிட்டு, "எம் மகளை அதுல ஏத்துனீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். பிறகு சாப்பாடு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 28, சனி

கம்பெனியின் இலவச எண்ணுக்கு அடித்தேன். பதினோரு நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்க வண்டி எந்த வருஷ மாடலுங்க சார்?"

"தொண்ணூத்தெட்டு."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "சார், புது வண்டி எடுக்கற ஐடியா ஏதாவது இருக்குதுங்களா சார்?"

வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு. 'அசல் என்ற பெயரில் இப்படிப்பட்ட சரக்கை ஒப்புதல் கொடுத்து வெளியே அனுப்பிய தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யார் என்பதை வாடிக்கையாளர் அறிய உரிமை உண்டு' என்று முடித்தேன். குழாயில் இருந்த, எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டுகிற லாட் நம்பரையும் குறித்தேன். ரிஜிஸ்தர் தபால். எழுதி முடித்ததும் மனது லேசாக இருந்தது. முப்பத்தோரு வருட அனுபவம் சும்மா போகாது.

பிப்ரவரி 2, வியாழன்

குமரகுரு கூப்பிட்டு இலவசமாக வேறு குழாய் கொடுத்தார். சுரண்டி அனுப்பினேன். வாழ்த்துகள் வந்தது.

அதிசயமாக மயிலுவும் ஷெட்டுக்கு வருகிறேன் என்றாள், ஆனால் திரும்பும்போது ஆட்டோவில்தான் வருவாளாம். லத்தீப் வீட்டுக்கென்று ஒரு தூக்குப்போசி நிறைய ஒப்பிட்டு, அதாவது பருப்புப் போளி, கொண்டு வந்தாள். "தம்பி, சவுரியமா இருக்கறீங்ளா? பாத்திமா கண்ணு ஆப்ரேசனு என்ன ஆச்சு?" என்று அவன் குடும்பத்தையே விசாரித்தாள். பாத்திமா அவன் மனைவி. அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது.

லத்தீப் புதுக் குழாயை வளைத்து, வளைவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். மேலே மயிர் மயிராகக் கீறல் தெரிந்தது. "அது அச்சு ரேகை" என்றேன். வார்ப்பு அச்சின் ரேகை குறுக்கே வராது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காலரில் மஞ்சளாக ஏதோ இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இந்த முறை அவன் வாதாடவே இல்லை. "சரீங் சார், வெச்சுட்டுப் போங்க, மாட்டியர்றேன்" என்றான். அதற்குள் மயிலு, கடைவீதியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வாருங்கள் என்றாள். அரை மைல் நடை. முற்றல் வேண்டாம், பிஞ்சாகப் பார்த்து என்று வேறு. வாங்கிக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வலது சக்கரத்தையும் கழற்றி மாட்டிய தடம் தெரிந்தது. சுத்தம் பண்ணினேன் என்றான். பரவாயில்லை, அக்கறை வந்திருக்கிறது.

பிப்ரவரி 6, திங்கள்

பிரேக் கத்தி மாதிரி நிற்கிறது. நான் சொன்னேனே.

பிப்ரவரி 14, செவ்வாய்

கல்லாறு வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே பத்து இடத்தில் அழுத்திப் பிடித்தேன். இழுப்பு இல்லை, சூடு இல்லை, ஒழுகல் இல்லை. வீட்டுக்கு வந்து மயிலுவிடம், "பார்த்தியா? அசல் அசல்தான். நடுவுல ரெண்டு பீஸ் ஏதோ கோளாறு, அவ்வளவுதான்" என்றேன்.

"ஆமாங், நல்லா நிக்குது" என்றாள். மார்ச் 5-க்கு இதிலேயே போகலாம் என்றும் அவளாகவே சொல்லிவிட்டாள். டாக்சிப் பேச்சு ஒழிந்தது. பெண்களிடம் பொறுமையாக, ஆதாரத்தோடு பேச வேண்டும்.

குறை சொல்லத் தெரிந்தவனுக்குப் பாராட்டவும் தெரிய வேண்டும். கம்பெனிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதிப் போட்டேன். 'மூன்றாவதாகத் தாங்கள் அளித்த குழாய் தங்கள் நிறுவனத்தின் தரத்துக்குச் சான்று' என்று ஒரு வரி. எனக்கே பிடித்திருந்தது.

பிப்ரவரி 20, திங்கள்

மயிலு குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, திடீரென்று கேட்டாள்: "லத்தீப் தம்பிகிட்ட நீங்க எப்பவாச்சும் அதைப்பத்திப் பேசியிருக்கறீங்ளா?"

"எதைப்பத்தி?"

"அவரு வேலைய விட்டதைப்பத்தி."

"அவனாகத்தானே போனான்."

"அப்பறம் ஏனுங் அன்னிக்கு ரெண்டு நாளு உங்களுக்குச் சோறு எறங்குல?"

எனக்கு அப்போது காய்ச்சல். 2014-இல் ஊரெல்லாம் காய்ச்சல்தான். குக்கர் விசில் அடித்தது, அவள் எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரியில் எழுதியதற்குப் பதில். படித்தேன். மாவு அரைக்க மில்லுக்குப் போனேன்.

பிப்ரவரி 25, சனி

சரி, எழுதிவிடுகிறேன்.

கடிதத்தில் இருந்தது இது: 'தாங்கள் குறிப்பிட்ட லாட் 2014-ஆம் ஆண்டு எங்கள் அங்கீகாரம் பெற்ற ரப்பர் தொழிற்சாலையால் தயாரிக்கப்பட்டது. மிகுந்த அனுபவமும் தகுதியும் வாய்ந்த அதிகாரியால் பரிசோதித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது. தாங்கள் அறிய விரும்பியபடி அறிக்கையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் ஐயப்படத் தேவையில்லை.' இணைப்பைத் திருப்பினேன். 400 குழாய். தேதி. அடியில், ஆர். சென்னியப்பன், இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ். என் கையெழுத்து. அப்போதெல்லாம் நன்றாகத்தான் போடுவேன்.

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யார் என்று அறிய எனக்கு உரிமை உண்டாம். அறிந்துகொண்டேன்.

மஞ்சள் பொட்டு பெயின்ட் பட்டதல்ல. அது என் யோசனை. புது வண்டிக்குப் போகிற குழாய் சோதனையில் தேறாவிட்டால் குப்பை. பழைய மாடல் வண்டிக்குப் போகிற குழாய் தேறாவிட்டால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்து விடலாம். பழைய வண்டிதானே, எத்தனை நாள் ஓடப்போகிறது, வைத்திருக்கிறவன் சீக்கிரம் வேறு வாங்கிவிடுவான். இதற்கு எனக்கு ஆண்டு விழாவில் சிறந்த யோசனைக்கான பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசில்தான் மயிலு இன்றைக்கும் பருப்பு வேக வைக்கிறாள்.

அந்த 400 குழாய் வந்தபோது நகத்தை வைத்தாலே கீறல் விழுந்தது. லத்தீப் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். தேறாத பீஸை யாரும் திரும்ப எடுக்காதபடி இரண்டாக அறுத்துப்போட வேண்டும் என்பது சட்டம். இன்ஸ்பெக்‌ஷன் அறைச் சுவரில் நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். அவன் ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்துவிட்டான். நான் போய் நிறுத்துவதற்குள் முப்பத்தெட்டு அறுத்திருந்தான். கம்பெனிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவன் மேல் ரிப்போர்ட் எழுதினேன். அவனுடைய இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டாம்ப்பை, நம்பர் 14, நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.  அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை.

மீதி முந்நூற்று அறுபத்திரண்டும் போய்விட்டன.

அதில் ஒன்று இப்போது என் வண்டியில். இன்னும் எட்டு நாளில் அதை நம்பித்தான் கோத்தகிரி மலையில் வெண்ணிலாவை இறக்க வேண்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

மயிலுவிடம் டாக்சி சொல்லலாமா என்றேன். "ஏனுங், அசல் அசல்தான்னு சொன்னீங்ளே" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 1, புதன்

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று லத்தீப் ஷெட்டுக்குப் போனேன். "என்னங் சார்?" என்றான். "ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன். பார்த்துக் கொடுத்தான். ஹாரனுக்கு ஒரு குறையும் இல்லை. வரும் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 3, வெள்ளி

மறுபடி போனேன். ஜும்மாவுக்குப் போயிருந்தான். ஷெட் வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். ஓடிப்போக நிறைய நேரம் இருந்தது. போகவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தான். கடிதத்தை நீட்டினேன். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை, நேரே இணைப்பைத்தான் பார்த்தான்.

"லத்தீப்பு, அந்தக் குழாயைக் கழட்டிரு. உக்கடத்துக்காரர் குழாயே போட்டுரு. நாளன்னிக்கி புள்ளையக் கூட்டியாறணும்" என்றேன்.

"எதைக் கழட்டறதுங் சார்?"

"போன மாசம் மாட்டுனியே, அதை."

அவன் வண்டியின் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னி டயருக்கு அடியில் கை விட்டு ஒரு பெட்டியை எடுத்தான். மினுக்கும் ஸ்டிக்கர். நான் சுரண்டிய இடம். உள்ளே பாலிதீன் உறையோடு குழாய், பக்கத்தில் வலது சக்கரத்திலிருந்து கழற்றிய தீபாவளிக் குழாய். இரண்டிலும் மஞ்சள் பொட்டு.

"அக்கா மொத நாளே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க சார். நான் உக்கடத்துல ரெண்டு குழாயி அடிச்சு வாங்கி ரெடியா வெச்சிருந்தேன். நீங்க வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனீங்கள்ல, அப்ப மாட்டுனது."

அப்படியானால் நான் கல்லாறில் பத்து முறை அழுத்திப் பார்த்தது? பாராட்டுக் கடிதம்? தரத்துக்குச் சான்று?

குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். கறுப்புக் குழாய், காலரில் பொட்டு ஏதும் இல்லை. வெள்ளை பெயின்டில் சின்னதாக ஒரு எண், 14.

"ஏப்பா, இன்னும் இதைப் போடறயா?"

"பார்த்துத் தேறுனதுக்கெல்லாம் போடுவேனுங். ஸ்டாம்பைத்தானே சார் வாங்குனீங்க. நம்பரை எப்படி வாங்குவீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.  "நான் பண்ணுனது தப்பு லத்தீப்பு. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் பண்ணுனேன்" என்றேன். ஒன்பது வருடம் கழித்து இதைச் சொல்ல இரண்டு விநாடி ஆயிற்று.

அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துணியில் அழுக்கே இல்லை, அவன் தொழுதுவிட்டு வந்த கை அது. "வாப்பா மருந்துக்கு அப்ப நெம்பக் கஷ்டப்பட்டோமுங் சார்" என்றான்.   பிறகு அவனே, "வண்டியை உள்ள விடுங். மலைக்குப் போறதுன்னா பின்சக்கரத்தையும் ஒருக்காப் பார்த்தறலாம்" என்றான்.

மார்ச் 5, ஞாயிறு

கட்டுச்சோறு நல்லபடியாக நடந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர் எல்லாம் காலியாகிவிட்டது. எள்ளுச் சோற்றில் உப்பு ஒரு கல் கூட என்று சம்பந்தியம்மா சொன்னதாக மயிலு சொல்கிறாள், நான் கேட்கவில்லை.

வெண்ணிலா பின்சீட்டில் ஏறி, "அப்பா, மெதுவா" என்றாள். மயிலு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆட்டோ கேட்கவில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் காலுக்கடியில் பெடல் கல் மாதிரி நின்றது. குஞ்சப்பனை செக்போஸ்டில் நிறுத்தி, இறங்கி முன்சக்கரத்தைத் தொட்டேன். இளம் சூடு. அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொன்னேன்.

வண்டியில் ஏறியதும் மயிலுவைக் கண்ணாடியில் பார்த்து, "வெள்ளரிப்பிஞ்சு நல்லா இருந்துச்சா?" என்றேன். "ஒண்ணு ரெண்டு முத்தலுங்" என்றாள். வெண்ணிலா மேட்டுப்பாளையம் வரை தூங்கிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9, வியாழன்

கம்பெனிக்கு மூன்றாவது கடிதம். இந்த முறை பத்தி எண் போடவில்லை. 'அந்த லாட்டைத் தேறாது என்று தெரிந்தே ஒப்புதல் கொடுத்தது நான்தான். மஞ்சள் பொட்டு உள்ள குழாய் கடையில் எங்கே இருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பிப்ரவரி 14 கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அதில் பாராட்டியது தங்கள் குழாயை அல்ல.' கையெழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் முன்போல் அழகாக வரவில்லை.

மார்ச் 21, செவ்வாய்

பதில் வந்தது. கூடவே ஒரு பார்சல்.

'தங்கள் பிப்ரவரி 14 கடிதம் எங்கள் தலைமை அலுவலக அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட்டுள்ளது. தங்களைப் போன்ற வாடிக்கையாளரே எங்கள் பலம். அன்பளிப்பாக இரண்டு அசல் பிரேக் குழாய்கள் அனுப்பியுள்ளோம்.' மூன்றாவது கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெட்டியைப் பிரித்தேன். இரண்டிலும் மஞ்சள் பொட்டு.

இலவச எண்ணுக்கு அடித்தேன். வீணை. அதே பெண். லாட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "சார், நீங்க எங்களைப் பாராட்டி லெட்டர் போட்ட சார்தானே?" என்றாள், சந்தோஷமாக.

டிக்கியில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஜனவரியில் கழற்றிய இரண்டையும் லத்தீப் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். ஆக ஆறு. "ரம்பம் இருக்குதா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு எடுத்து வந்து, குழாயை வைஸில் வைத்து இறுக்கி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். நான் அறுத்தேன். உள்ளே கம்பிப் பின்னல் இருக்கிறதே, சுலபத்தில் அறுபடவில்லை. ஒன்றுக்கு நாலு நிமிடம் பிடித்தது. அவன் அன்றைக்கு முப்பத்தெட்டு அறுத்திருக்கிறான்.

மீதி முந்நூற்று ஐம்பத்தாறு.

ஏப்ரல் 7, வெள்ளி

இரண்டு நாளாக இதே யோசனை. எத்தனை எங்கே எந்த வண்டியில் ஓடுகிறதோ, அது என் கையில் இல்லை. கடையில் இருப்பதையாவது எடுக்கலாம். காலையில் குமரகுருவிடம் போய், அந்தக் குழாய் எத்தனை இருக்கிறதோ எல்லாம் கொடுங்கள் என்றேன். ஐந்து இருந்தது. "ஐயா, நெசமாலுமே சாரதி இத்தனை வெச்சிருக்கறீங்ளா?" என்றார். பதில் சொல்வதற்குள் போன். மயிலு. வெண்ணிலாவுக்கு வலி எடுத்துவிட்டதாம்.

வண்டியை எடுத்து, வீட்டுக்குப் போய் இருவரையும் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வழியில் ஒரு பள்ளிக்கூட வேன் குறுக்கே வந்தது. மிதித்தேன். நின்றது.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் பிள்ளையும் சுகம். நர்ஸ் வந்து சொன்ன அதே நேரம் என் போனில் செய்தி வந்தது. வெளியே பெஞ்சில் கை சும்மா இருக்க முடியாமல் ஐந்து ஸ்டிக்கரையும் சுரண்டி அனுப்பியிருந்தேன். "தாங்கள் வாங்கியது அசல் பொருள். வாழ்த்துகள்!" ஐந்து முறை.

"ஆருங் அது, அதுக்குள்ள வாழ்த்து?" என்றாள் மயிலு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கம்பெனிக்காரங்க" என்றேன்.

சாயங்காலம் ஷெட்டுக்குச் சர்க்கரை கொண்டுபோனேன். லத்தீப் வாயில் போட்டுக்கொண்டு, "பேத்திங்ளா சார்? ரொம்பச் சந்தோசமுங்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அப்போது குமரகுரு போன் செய்தார். அந்தக் குழாய் இப்போது நன்றாகப் போகிறது என்று சென்னைக் கிடங்குக்குச் சொன்னாராம். அங்கே மிச்சம் கிடந்த நூற்றிருபதையும் அனுப்புகிறார்களாம். ஐயாவுக்கு எத்தனை எடுத்து வைக்கட்டும்?

"எல்லாத்தையும்" என்றேன்.

லத்தீப் ரம்பத்திலிருந்த பழைய பிளேடைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்ட ஆரம்பித்தான்.